மேலே மட்டும் பூசியது

குருநகர்
6.3.2025, வியாழன்

தங்கச்சி குணலட்சுமிக்கு,

தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயல் கழிந்து பதினாறாம் நாள், புதுவருடத்தின் முதல் வியாழக்கிழமை, நான் பண்டத்தரிப்பில் வெள்ளைக்கார மிசியம்மாவின் பங்களாக் குசினிக்குள் சமையல் எடுபிடியாகக் கால் வைத்தேன். எங்கள் அப்புவின் வள்ளமும் அதே புயலோடு போய்விட்டபடியால் கடலுக்குப் போக வழியில்லை. எனக்கு இருபது வயது. நீங்கள் விறாந்தையில் தையல் பழகிக்கொண்டிருந்தீர்கள். பதினேழு வயது. மெசினில் நூல் அறுந்துபோய், பல்லால் கடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தீர்கள். இன்றைக்கும் வியாழக்கிழமைதான். அறுபது வருடமும் இரண்டு மாதமும்.

எனக்கு எழுத்துத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியும். பக்கத்து வீட்டுக் கிறிஸ்ரோபர் மாஸ்டர்தான் நான் சொல்லச் சொல்ல எழுதுகிறார். போனில் கதைக்கலாமென்றால் ஷெல் விழுந்த நாளிலிருந்து காதுக்குள் வாய் வைத்துக் கத்தினால் ஒழிய உங்களுக்குக் கேளாது. போனில் எழுதி அனுப்பலாமென்றால் அது உங்கள் பேத்தி கோபிகாவின் கையில் இருக்கிறது. அதனால் தபால்தான்.

உங்கள் கடிதத்தை மாஸ்டர் வாசித்துக் காட்டினார். மகன் சுபாஸ்கரனின் நெஞ்சு ஒப்பரேசனுக்குக் கொழும்பில் இருபத்தேழாம் திகதி குறித்துவிட்டார்களாம். நல்லது. ஆனால் அவன் நடந்து படலைக்குள் வரும்வரை நாளுக்கு ஒருநேரச் சோறுதான், மீன் முட்டை என்று மச்சம் எதுவும் தொடுவதில்லை என்று நீங்கள் பிள்ளையாருக்கு நேர்ந்திருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சீனி வருத்தக்காரி நீங்கள். பின்னேர மருந்துக் குளுசை போடும்போதாவது வயிற்றில் ஏதும் இருக்க வேண்டாமா? அதற்குத்தான் மாசி மாதம் தொடங்கி மிசியம்மா வீட்டு ஸ்கோன் பணிஸ் அனுப்புகிறேன். இன்று பலாலி ரோட்டு பஸ்ஸில் கொண்டக்டரிடம் கொடுத்துவிட்டது ஆறாவது பெட்டி.

“அனுப்புகிற ஸ்கோனில் முட்டை இல்லைத்தானே?” என்று கேட்டிருந்தீர்கள். ஒரு துளி இல்லை. கோதுமை மாவுக்குள் குளிர்ந்த பட்டரை விரல் நுனியால் உதிர்த்து, புட்டு மா போல வந்ததும், தேசிக்காய்ப்புளி விட்டுத் திரிந்த பாலை ஊற்றி, நீங்கள் அனுப்பிய நாரத்தங்காயின் பச்சைத் தோலை மட்டும் துருவிப் போட்டு, கற்பூரவள்ளி இலையைத் துடைத்துக் கத்தரியால் நறுக்கிச் சேர்த்து, பால்பேணி வாயால் வெட்டிச் சுடுவதற்குப் போறணைக்குள் வைக்கிறேன். அன்றைக்குப் பங்களாவில் உங்களுக்கு முட்டையில்லாமல் போட்டுத் தந்த அதே கைதான். வேறு யாரும் தொடுவதில்லை.

பயப்படாமல் சாப்பிடுங்கள்.

செபமாலை

●

உரும்பிராய்
10.3.2025

செபமாலை அண்ணைக்கு,

கடிதமும் பெட்டியும் கிடைத்தன. புயலையும் வள்ளத்தையும் கடந்து விசயத்துக்கு வர உங்களுக்கு ஒரு பக்கம் தேவைப்படுகிறது. மாஸ்டரின் பேனைக்கு மை யார் வாங்கிக் கொடுப்பது?

மூன்று குழாய் அடைத்திருக்கிறதாம். ஐம்பத்தொரு வயதில் மூன்று குழாய். மருமகள் தர்சினி அவனோடு கொழும்பில் நிற்கிறாள். காலையும் மாலையும் கோபிகாவின் போனுக்கு எழுதுகிறாள், கோபிகா எனக்குக் காட்டுகிறாள். “மாமி, பயப்படாதையுங்கோ” என்று ஒவ்வொரு நாளும் வருகிறது. ஒவ்வொரு நாளும் அப்படி வந்தால் பயப்படாமல் என்ன செய்வது?

ஸ்கோன் நன்றாக இருக்கிறது. நாரத்தங்காய் வாசம் பெட்டியைத் திறக்க முன்னமே வருகிறது. முந்தியெல்லாம் மேற்பக்கம் மா வெளிறியபடி இருக்கும், இப்போது பொன் பூசியது போல மினுங்குகிறது. கை திருந்தியிருக்கிறது, அண்ணை. ஒன்றை எடுத்துச் சாமியறையில் பிள்ளையாருக்கு முன்னால் வைத்துவிட்டுத்தான் நான் தொடுகிறேன். ஒப்பரேசன் அன்று விடிய சோறும் இல்லாமல் கிடந்து, நல்ல சேதி வந்ததும் உங்கள் ஸ்கோனோடு வாய் நனைப்பதாக எண்ணியிருக்கிறேன்.

நாரத்தங்காய் ஆறும் கற்பூரவள்ளி ஒரு கட்டும் கொண்டக்டரிடம் கொடுத்தேன். இலையைத் தண்ணீரில் போட வேண்டாம், கைத்துப்போகும் என்று நீங்களே சொல்வீர்கள்.

குணலட்சுமி

●

குருநகர்
14.3.2025, வெள்ளி

தங்கச்சி குணலட்சுமிக்கு,

“பொன் பூசியது போல மினுங்குகிறது” என்று மாஸ்டர் வாசித்ததும் நான் அவரை நிறுத்தி, அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னேன். மூன்று தரம் வாசித்தார். பால் தடவினால் ஸ்கோன் சிவக்கும். மினுங்காது.

நான் உங்களுக்கு ஒரு பொய் எழுதியிருந்தேன். வேறு யாரும் தொடுவதில்லை என்றது பொய். போன உயிர்த்த ஞாயிறு முதல் என் இரண்டு கையும் நடுங்குகின்றன. பட்டரை உதிர்த்தால் உருகிப் பசையாகிவிடுகிறது. மருமகள் ஷெரோன்தான் செய்கிறாள். நான் கதிரையில் இருந்து அளவு சொல்வேன். ஆனால் அவள் போறணைக்குள் வைக்கும் நேரம் நான் பின்னேர ஜெபத்துக்குப் போய்விடுவேன்.

அவளைக் கூப்பிட்டேன்.

“பிள்ளை, மேலுக்கு என்ன பூசினனீ?”

“முட்டை மஞ்சள்கரு, மாமா. வெளிறிப்போய்க் கிடக்கு, மினுங்கட்டுமெண்டு.”

“முட்டை போடாதையெண்டு தலை தலையாய் அடிச்சுச் சொன்னனான்தானே!”

“உள்ளுக்கை ஒரு துளி போடேல்லை, மாமா. மேலை மட்டுந்தானே பூசினனான். தவக்காலத்திலை நாங்களே முட்டை சாப்பிடுறம். அதென்ன, இறைச்சியே?”

அவளில் பிழை சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் ஒறுத்தல் என்றால் இறைச்சியை விடுவது. முட்டையும் மீனும் அதற்குள் வராது. உங்கள் வீட்டில் முட்டை பட்ட கரண்டியே மச்சக் கரண்டி என்பது அவளுக்குத் தெரியாது. தெரிந்தவன் நான். நான் சொன்னது “முட்டை போடாதே” என்று மட்டும். பூசாதே என்று சொல்லவில்லை.

கடைசி மூன்று பெட்டிக்கும் பூசியிருக்கிறாள். முதல் மூன்றும் சுத்தம்.

“சொல்லாதையும், செபமாலை,” என்றார் மாஸ்டர். “ஒப்பரேசன் முடியட்டும். தெரியாமல் சாப்பிட்டதுக்கு என்ன வரப்போகுது?” இந்த இடத்தில் பேனையைக் கீழே வைத்துவிட்டார். நான் வேறு ஆளைப் பிடித்து எழுதுவிப்பேன் என்ற பிறகுதான் மறுபடி எடுத்தார். எனக்கு என்ன பயமென்றால், இருபத்தேழாம் திகதி ஏதும் ஒன்று நடந்து, பிறகு நீங்கள் அறிந்தால்? இன்னும் பதின்மூன்று நாள் இருக்கிறது. ஐயரைக் கேட்டு என்ன பரிகாரம் என்றாலும் செய்யலாம் அல்லவா?

ஷெரோன் அழுதுகொண்டிருக்கிறாள். வந்து காலில் விழட்டுமா என்று கேட்கிறாள்.

செபமாலை

●

உரும்பிராய்
17.3.2025

செபமாலை அண்ணைக்கு,

உங்கள் மருமகள் வர வேண்டாம். அந்தப் பிள்ளையில் எனக்குக் கோபம் இல்லை.

பதினைந்தாம் திகதி காலை உங்கள் கடிதம் வந்தது. அன்று மத்தியானம் தர்சினி எழுதினாள்: சுபாஸ்கரனுக்குக் காய்ச்சல், ஒப்பரேசன் ஏப்ரல் மூன்றுக்குத் தள்ளிப்போய்விட்டது. ஒரே நாளில் இரண்டும். டொக்டருக்கு அது சாதாரண காய்ச்சல். எனக்கு அது என்ன என்று எனக்குத் தெரியும்.

சாமியறையில் வைத்தேனே, அண்ணை. மூன்று பெட்டியிலும் முதல் ஸ்கோன் பிள்ளையாருக்கு முன்னால்.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஏன் சொன்னீர்கள்? தெரியாமல் தின்றது தின்றதாகப் போயிருக்கும். தெரிந்த பிறகு நான் அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது? உங்கள் நெஞ்சுப் பாரத்தைத் தபாலில் போட்டுவிட்டு நீங்கள் இலேசாகிவிட்டீர்கள்.

ஐயரைக் கேட்கவில்லை. கேட்டால் ஊர் அறியும், ஊர் அறிந்தால் கட்டிலில் கிடக்கிறவன் அறிவான். நானே முடிவு செய்துவிட்டேன். பழைய நேர்த்தி கெட்டுப்போனது. நேற்றிலிருந்து புதிதாகத் தொடங்கியிருக்கிறேன். இந்த முறை ஒருநேரச் சோறும் இல்லை. தண்ணீரும் இளநீரும். அவன் படலைக்குள் வரும்வரை.

கோபிகாவுக்குச் சொல்லவில்லை. அவள் ரியூசனால் வரும் நேரம் சாப்பிட்ட கோப்பையைக் கழுவுவது போல நிற்பேன். அவளுக்கு நீங்கள் ஒரு சொல் சொல்லக்கூடாது.

இனி ஒன்றும் அனுப்ப வேண்டாம். அந்தப் பெட்டிகளை நான் திருப்பி அனுப்ப மாட்டேன், எரித்துவிட்டேன்.

குணலட்சுமி

●

குருநகர்
20.3.2025, வியாழன்

தங்கச்சி குணலட்சுமிக்கு,

இலேசாகவில்லை. அதை முதலில் எழுதும், மாஸ்டர், என்றேன்.

நேற்று நானே பிசைந்து பார்த்தேன். ஷெரோனைக் கிட்ட விடவில்லை. போறணையால் எடுத்தபோது கல். நாய்க்கு எறிந்தேன், அதுவும் மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. அனுப்புவதற்கு அல்ல, கை எப்படி இருக்கிறது என்று பார்ப்பதற்கு.

நீங்கள் குளுசை போடுகிறீர்களா? வெறும் வயிற்றில் சீனிக் குளுசை போட்டால் ஆள் மயங்கிவிழும் என்று ஷெரோன் சொல்கிறாள். போடாவிட்டாலும் விழும் என்கிறாள். எது செய்தாலும் விழும் என்றால் நான் இங்கே எப்படி இருப்பது? எங்கள் தெருவில் ஓட்டோச் சத்தம் கேட்டால் உங்கள் வீட்டிலிருந்து சேதி வருகிறதோ என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன்.

ஏன் சொன்னீர்கள் என்று கேட்டீர்கள். அதற்கு மறுமொழி இந்த வருடத்தில் இல்லை. மாஸ்டர் பொறுமையாக எழுத வேண்டும், நீங்கள் பொறுமையாக வாசிக்க வேண்டும்.

நான் குசினிக்கு வந்த அந்த வியாழனுக்கு மறுநாள் வெள்ளி. நீங்கள் மெசின் மேல் மயங்கி விழுந்தீர்கள். உங்கள் அண்ணை தலைமன்னார் பாலத்தடியில் வேலைக்குப் போனவர், புயலோடு சேதியில்லை. அவர் வரும்வரை மச்சமில்லை, ஒருநேரச் சோறு என்று நீங்கள் அப்போதும் நேர்ந்திருந்தீர்கள். மிசியம்மா, “ஏதாவது கொண்டு வா” என்று கத்தினார். மேசையில் ஸ்கோன் இருந்தது. நான் கொண்டுவந்தேன். கண்ணைத் திறந்து நீங்கள் கேட்ட முதல் கேள்வி, “முட்டை போட்டதோ?”

குசினிக்காரர் தங்கமுத்து இரண்டு முட்டை அடித்து ஊற்றியதை நான் கண்ணால் கண்டிருந்தேன். முட்டைக்கோதை நான்தான் வெளியே கொண்டுபோய்ப் போட்டவன்.

“இல்லை, தங்கச்சி” என்று சொன்னேன்.

உங்கள் உதடு வெள்ளையாக இருந்தது. விழுந்தால் மறுபடி எழும்பமாட்டீர்கள் என்று நினைத்தேன். வெள்ளி, சனி, திங்கள், மூன்று நாள் தின்றீர்கள். செவ்வாய்க்கிழமை, பொங்கலுக்கு இரண்டு நாள் முந்தி, உங்கள் அண்ணை தலையில் கட்டோடு வந்து சேர்ந்தார். அனுராதபுரத்து ஆஸ்பத்திரியில் பேர் சொல்ல நினைவில்லாமல் கிடந்திருக்கிறார்.

அதற்குப் பிறகுதான் நான் முட்டையில்லாமல் செய்யப் பழகினேன், உங்களுக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்க. அன்றைக்குச் சொல்லாமல் விட்டதை அறுபது வருடம் சுமந்தேன். இன்னொன்றையும் சுமக்க முடியாது என்றுதான் இந்த முறை சொன்னேன்.

அன்றைக்கு நேர்த்தி கெட்டும் அவர் வந்தார். அதைத்தான் சொல்ல வந்தேன். சோறு சாப்பிடுங்கள். இருபத்தைந்தாம் திகதிக்குள் சாப்பிட்டேன் என்று கடிதம் வராவிட்டால் கோபிகாவுக்குப் போன் எடுப்பேன். நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்டாலும் பரவாயில்லை.

செபமாலை

●

உரும்பிராய்
24.3.2025

செபமாலை அண்ணைக்கு,

நீங்கள் சொன்ன நாளுக்கு முன்பே எழுதுகிறேன். இதை ஒரு ஆளிடம் கொடுத்து மாஸ்டர் வீட்டில் சேர்ப்பிக்கிறேன். போன் எடுக்க வேண்டாம். கோபிகாவின் வாயில் ஒன்றும் நில்லாது. தாய்க்குச் சொல்வாள், தாய் புருசனுக்குச் சொல்வாள். அம்மா எனக்காகப் பட்டினி என்று கேட்டுக்கொண்டு அவன் மேசையில் ஏற வேண்டுமா?

எழுத்து வரிசை தவறுகிறது. மாஸ்டர் கூட்டி வாசிக்கட்டும். எழும்பினால் சுவர் பக்கத்தில் வருகிறது.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். நான் தையல் படிப்பித்த காலத்தில், துணியைக் கெடுத்த பிள்ளைகள் அழகான கதைகளோடு வருவார்கள். எல்லாக் கதையிலும் நாள், கிழமை, நேரம் எல்லாம் சரியாக இருக்கும். உங்கள் கதையும் அப்படித்தான் இருக்கிறது, அண்ணை. என்னைச் சாப்பிட வைப்பதற்கு அளவெடுத்துத் தைத்தது போல. “அதே கைதான்” என்று எழுதியவர் நீங்கள்தானே? ஒரு பொய்யை மூட இன்னொன்று. மினுங்கட்டும் என்று மேலே பூசுவது உங்கள் மருமகள் மட்டுமா?

ஆனால் பொய்யென்று தள்ளவும் முடியவில்லை. அந்த ஸ்கோன் எனக்கு நினைவிருக்கிறது. பிறகு நீங்கள் தந்தவை எல்லாம் கொஞ்சம் வறண்டிருந்தன. முதல் மூன்று நாளும் தந்தவை மெத்தென்று இருந்தன. பசியில் அப்படித் தெரிந்ததென்று இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன்.

அது உண்மையானால் நான் இன்றைக்கே சோறு வைப்பேன். கெட்ட நேர்த்திக்கும் அண்ணையைத் திருப்பித் தந்த பிள்ளையார், மகனையும் தருவார். பொய்யானால் நான் சாப்பிடுகிற ஒவ்வொரு வாயும் அவனுடைய நெஞ்சில் போய் விழும். எனக்கு வேறு வழி தெரியவில்லை. உங்கள் சொல் போதாது. அன்றைக்கு அந்த முட்டையைக் கண்டவர், அறிந்தவர், உங்களைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? பேர் சொல்லுங்கள். செத்தவர்களின் பேரைச் சொல்லி ஏமாற்ற வேண்டாம்.

கெதியாகச் சொல்லுங்கள்.

குணலட்சுமி

●

குருநகர்
25.3.2025, செவ்வாய், காலை ஏழு மணி

தங்கச்சி,

இதைத் தபாலில் போடவில்லை. மாஸ்டரே பஸ்ஸில் கொண்டுவருகிறார். நீங்கள் வாசித்து முடிக்கும்வரை படலையடியில் நிற்பார், துரத்த வேண்டாம். கோபிகா கேட்டால் நாரத்தங்காய் வாங்க வந்தவர் என்று சொல்லுங்கள். அவருடைய பையில் குத்தரிசிக் கஞ்சி இருக்கிறது. ஷெரோன் புதுச்சட்டி வாங்கி, புதுக்கரண்டியால் கிண்டியது. நான் பக்கத்தில் நின்று கண் எடுக்காமல் பார்த்தேன், ஜெபத்துக்குப் போகவில்லை. அது இப்போதைக்கு மூடியபடியே இருக்கட்டும்.

கேட்டீர்கள், சொல்கிறேன்.

மிசியம்மா கண்டவர். எழுபத்தோராம் ஆண்டு தெற்கில் நடந்த சேகுவேராக் கலவரம் முடிந்த ஆவணியில் தன் தேசத்துக்குப் போனார், மூன்றாம் வருடம் அங்கே செத்ததாகப் பங்களாவுக்குத் தந்தி வந்தது. தந்தியை வாசித்துச் சொன்னவர் கார் ஓட்டிய அடைக்கலநாதன். அவரும் முட்டைக்கோதைக் கண்டவர், “ஏன்ரா ஒளிக்கிறாய்?” என்று என்னைக் கேட்டவர். தொண்ணூறாம் ஆண்டு வைகாசியில் சைக்கிளால் விழுந்து, எழும்பவில்லை. தையல் ரீச்சர் கண்ணால் காணவில்லை, ஆனால் சந்தேகப்பட்டவர். எண்பத்தெட்டில் போய்விட்டார். முட்டையை அடித்து ஊற்றிய தங்கமுத்து எண்பத்தாறாம் ஆண்டு மார்கழியில், ஒரு பக்கம் இழுத்து, பதினோரு நாள் கிடந்து செத்தார். பெட்டி தூக்கியவர்களில் நானும் ஒருவன்.

செத்தவர்களின் பேர் வேண்டாம் என்றீர்கள். இவர்களைச் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. ஒருவரையும் விடவில்லை என்று காட்டத்தான் சொன்னேன்.

இன்னும் ஒரு ஆள் இருக்கிறது. போன கடிதத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை, ஏனென்றால் அந்த ஆளுக்கு நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன். குருசைத் தொட்டு. நேற்றுப் பின்னேரம் உங்கள் கடிதத்தை வாசித்ததும் மாஸ்டரின் போனால் அந்த வீட்டுக்கு எடுத்தேன். நடந்ததெல்லாம் சொன்னேன், நீங்கள் இளநீரோடு கிடப்பதையும். “சொல்லடா, செபமாலை. இன்னும் என்னத்துக்கு மூடிவைச்சுக்கொண்டிருக்கிறாய்? அவள் செத்தாப் பிறகு சொல்லவோ?” என்று ஏசினார். சத்தியத்தை எடுத்துவிட்டார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நடந்தது இது. தங்கமுத்துவுக்கு வாய் சும்மா இராது என்பது உங்களுக்குத் தெரியும். தலையில் கட்டோடு உங்களைக் கூட்டிப்போக வந்து குசினி வாசலில் தண்ணி கேட்டவரிடம், “தம்பி, உன்ரை தங்கச்சி மூண்டு நாளா முட்டை திண்டு கொழுத்துப்போய் நிக்கிறாள், போய்ப் பார்” என்று சொல்லிவிட்டார். அவர் வந்து என் சட்டையைப் பிடித்தார். நான், “விழுந்திட்டா. வேறை ஒண்டும் இல்லை. அதுதான் குடுத்தனான்” என்றேன். அடிப்பாரென்று கண்ணை மூடிக்கொண்டு நின்றேன். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தால் தட்டில் இருந்த ஸ்கோனை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு நிற்கிறார், கண்ணால் தண்ணி ஓடுகிறது.

“நல்லாத்தான் இருக்கு,” என்றார். “அவளுக்குச் சொல்லிப்போடாதை. சொன்னாயெண்டால் நேர்த்தி கெட்டுப்போச்செண்டு முதலிலையிருந்து துவங்குவாள். நான் வந்திட்டன்தானே, இனி ஆருக்காகப் பட்டினி கிடக்கப்போறாள்?”

அவர் உங்களை அன்றைக்கே அறிந்திருந்தார். நான்தான் அறுபது வருடம் கழித்து மறந்துபோய்க் கடிதம் எழுதினேன்.

இப்போது அவருக்கு எண்பத்துநாலு. கண் தெரியாது, நடையும் இல்லை. ஆனால் அந்த ஸ்கோனில் என்ன வாசம் இருந்தது என்று நேற்றுப் போனில் நான் கேட்காமலே சொன்னார். இன்று காலை பத்து மணிக்கு மகள் ஓட்டோவில் ஏற்றி உங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவாள். உங்களுக்குக் கேட்கும்படி காதுக்குள் வாயை வைத்துச் சொல்வார். அதற்குப் பிறகு கஞ்சிச் சட்டியைத் திறப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

அன்றைக்கு அந்தக் குசினியில் நின்று அந்த முட்டையை அறிந்தவர்களில், என்னைத் தவிர, உயிரோடு இருப்பது ஒருவர்தான். நீங்கள் பட்டினி கிடந்து கூப்பிட்டு, முட்டை தின்ற பிறகும் வந்து சேர்ந்தவர். உங்கள் அண்ணை, சீவரத்தினம்.